ஆரஞ்சு உருண்ட வழி

இல்வாவுக்கும் வெள்ளைக்கொம்பு மலைக்கும் இரண்டு வருடமாகச் சண்டை.

சண்டையை ஆரம்பித்தது மலைதான். முதல் தடவை அவள் பாதி வழி ஏறியபோது, பனிப்புயலை ஏவிவிட்டு அவளை விரட்டியது. அடுத்த வருடம் முக்கால்வாசி ஏறிவிட்டாள். அன்றைக்குப் பார்த்து வெயில் சுள்ளென்று அடித்துப் பனியெல்லாம் கஞ்சியாக இளகிவிட்டது. "இதுக்கு மேல ஏறினா பனி சரிஞ்சு நம்ம தலையிலயே விழும்" என்று அப்பா திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அக்கா ராக்னா அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டாள்.

"பாதிமலை ராணி, அந்த உப்பை இப்படித் தள்ளு."

"பாதிமலை ராணி, குளிச்சது போதும், வெளிய வா."

ராக்னாவுக்குப் பதினான்கு வயது. மூன்று முறை உச்சிக்குப் போய், அங்கிருந்து சறுக்குப் பலகையில் இறங்கி வந்தவள். அவள் வாயை அடைக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழி உச்சிக்குப் போனது.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஊரே போர்வைக்குள் கிடந்த நேரத்தில், அப்பாவும் இரண்டு பெண்களும் கிளம்பினார்கள். விடியற்காலை இருட்டு என்று சொல்லிவிட முடியாது. நார்வேயில் அந்த மாதத்தில் இரவு என்பது பேருக்குத்தான். சூரியன் சும்மா கண்ணை மூடித் திறப்பதுபோல மறைந்துவிட்டு உடனே வந்துவிடும்.

கீழே முழுக்க வசந்தம். பிர்ச் மரங்களில் எலிக்காது அளவுக்குத் துளிர். தரையெல்லாம் சேறு. பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டு மூவரும் காட்டுக்குள் நடந்தார்கள். தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருந்த பலகைகள் கிளைக்குக் கிளை மாட்டின.

"குனிஞ்சு வா" என்றார் அப்பா.

"குனிஞ்சா சேத்துல மூக்கு படுதுப்பா" என்றாள் இல்வா.

கொஞ்ச தூரத்தில் பனி தொடங்கியது. ஆனால் அது நல்ல பனி இல்லை. மரங்களுக்கிடையில் கிடந்த பழைய பனி, இரவுக் குளிரிலும் இறுகாமல் ஈரமாக இருந்தது. இல்வா நம்பி ஒரு கால் வைத்தாள். கால் முட்டிவரை உள்ளே போய்விட்டது. இழுத்தால் கால் வந்தது, காலணி வரமாட்டேன் என்றது.

ராக்னா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்ததைவிடச் சிரித்ததுதான் அதிகம்.

"மலை உன்னை இங்கயே பிடிச்சு வச்சுக்கப் பாக்குது!"

"போ! உன் தொப்பி கிளையில தொங்குது, அதை முதல்ல பாரு" என்றாள் இல்வா.

ராக்னா தலையைத் தடவிப் பார்த்தாள். நிஜமாகவே தொப்பியைக் காணவில்லை.

காடு முடிந்ததும் எல்லாம் மாறிவிட்டது. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளைச் சரிவு. இரவுக் குளிரில் பனி பீங்கான் தட்டுபோல இறுகியிருந்தது. மூவரும் பலகைகளை முதுகிலிருந்து இறக்கினார்கள். பலகையின் அடியில் ரோமப் பட்டைகளை ஒட்டி, காலில் மாட்டிக்கொண்டு, ஊன்றுகோல்களைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டை இருந்தால் பலகை முன்னால் நழுவும், பின்னால் வழுக்காது. அதனால்தான் மலைமேல் ஏற முடியும்.

"கேட்டுக்கோங்க" என்றார் அப்பா. "வெயில் ஏற ஏறப் பனி இளகும். மதியத்துக்கு முன்னால உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிச்சிடணும். லேட்டாச்சுன்னா, எங்க இருக்கோமோ அங்கயே திரும்பிடறது. அழக்கூடாது."

அப்பா பொதுவாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது மூவருக்குமே தெரியும்.

கோணல்மாணலாக வளைந்து வளைந்து ஏறினார்கள். இல்வாவுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் கால்கள் சந்தோஷமாக இருந்தன. தூரத்தில் உச்சி நீல வானத்தில் கொம்புபோல நின்றது. இன்றைக்கு மேகம் இல்லை, புயல் இல்லை. மலை தூங்கிக்கொண்டிருக்கிறது, அது விழிப்பதற்குள் ஏறிவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு கத்தல் கேட்டது.

"போயிட்டியா? என்னை விட்டுட்டு ஓடிப் போயிட்டியா? நன்றி கெட்ட பயலே! பத்து வருஷமா உனக்கு மெழுகு தடவித் தடவி வளத்தேனே!"

மூவரும் திடுக்கிட்டு நின்றார்கள்.

"யாரோ சண்டை போடறாங்க" என்றாள் ராக்னா.

அப்பா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறகு சிரித்தார். "பெர்கன்காரர்."

பெர்கன் நகரத்துக்காரர்கள் ரகசியம் பேசினாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும் என்று இல்வாவின் ஊரில் ஒரு பேச்சு உண்டு.

மேலே ஏறிப் பார்த்தால், அலமாரி மாதிரி ஒரு மனிதர் பனியில் உட்கார்ந்திருந்தார். சிவப்புத் தாடி. ஒரு காலில்தான் பலகை இருந்தது. சுற்றிலும் வேறு யாரும் இல்லை.

"யாரைத் திட்டினீங்க?" என்று கேட்டாள் இல்வா.

"என் இடது பலகையை" என்றார் அவர். "அடியில ஒட்டின பட்டை கழண்டு போச்சு. சரி பண்ணலாம்னு கழட்டிக் கீழ வச்சேன். காலோட கட்டுற வாரைக் கட்டணும்ல? மறந்துட்டேன். அவன் பாட்டுக்குக் கிளம்பிப் போயிட்டான், ஒரு வார்த்தை சொல்லிக்காம!"

அவர் பெயர் பியார்த்தே. கூட வந்த நண்பருக்குக் காலில் கொப்புளம் வந்து, அவர் அடிவாரத்திலேயே தங்கிவிட்டாராம்.

அப்பா சரிவைப் பார்த்தார். கீழே ஒரு மேடு. மேட்டுக்கு அப்பால் சரிவு இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் போனால் உறைந்த ஏரி. வலதுபக்கம் போனால் பாறைக் கூட்டம்.

"எந்தப் பக்கம் போச்சு?"

"மேட்டைத் தாண்டினவரைக்கும் பாத்தேன். அப்புறம் ஆளே காணோம்."

இறுகிய பனியில் பலகை போன தடம்கூட விழவில்லை. அப்பா தாடையைச் சொறிந்தார். "ரெண்டு பக்கமும் இறங்கித் தேடணும்னா மதியம் ஆயிடுமே."

"அய்யய்யோ, வேணாம் வேணாம்!" என்று பியார்த்தே கையை ஆட்டினார். "குழந்தைங்களோட உச்சிக்குப் போறீங்க, நீங்க போங்க. பனி கல்லு மாதிரி இருக்கு. நான் மெல்ல நடந்தே இறங்கிடுவேன்."

ராக்னா இல்வாவின் காதில் சொன்னாள்: "பாவம்தான். ஆனா இப்பக் கீழ இறங்கினா உனக்கு இந்த வருஷமும் பாதிமலைதான்."

இல்வா உச்சியைப் பார்த்தாள். அது பளபளவென்று மின்னியது. பெரியவரே போகச் சொல்லிவிட்டார். அப்பாவும் பாதி மனதோடு தலையாட்டுகிறார். அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

ஆனால் அவளுடைய கால் சும்மா இருக்கவில்லை. காட்டில் பனிக்குள் புதைந்த அந்தக் கால் இன்னும் ஈரமாகச் சில்லென்று இருந்தது. இல்வா பியார்த்தேயை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"அப்பா, கீழ காட்டுல என் கால் முட்டிவரைக்கும் போச்சு" என்றாள். "நான் இத்தனூண்டு. இவரு போனா?"

எல்லோரும் பியார்த்தேயைப் பார்த்தார்கள். பியார்த்தேயும் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

"தொப்பிதான் வெளிய தெரியும்" என்றார் அவர், முதல் தடவையாக மெதுவான குரலில்.

"தேடலாம்ப்பா" என்றாள் இல்வா. சொன்ன கையோடு உச்சிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். முதுகுப் பையைக் கழற்றினாள். கையுறை நனைந்திருந்தது, வேறு எடுக்கலாம் என்று பையைத் திறந்தாள். உள்ளே மேலாக இருந்த ஆரஞ்சுப் பழம் குதித்து வெளியே விழுந்து உருள ஆரம்பித்தது. சட்டென்று காலை நீட்டித் தடுத்தாள்.

உச்சியில் உட்கார்ந்து தின்பதற்காக ஆளுக்கு ஒரு ஆரஞ்சு கொண்டுவருவார்கள். அப்பாவும் ராக்னாவும் வழியிலேயே தின்று தீர்த்துவிட்டார்கள். இல்வா மட்டும்தான் பத்திரமாக வைத்திருந்தாள்.

அவள் ஆரஞ்சைப் பார்த்தாள். சரிவைப் பார்த்தாள். மறுபடி ஆரஞ்சைப் பார்த்தாள்.

"பியார்த்தே, உங்க பலகை சரியா எந்த இடத்துலேருந்து கிளம்பிச்சு?"

"இதோ, இந்தக் குழிக்குப் பக்கத்துலேருந்து. ஏன்?"

"ராக்னா, நீ அந்த மேட்டுமேல போய் நில்லு. நான் இதை உருட்டிவிடறேன். எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு."

"பைத்தியமா உனக்கு?" என்றாள் ராக்னா. "அது பலகை, இது பழம்!"

"சரிவு மாறலையே! தண்ணி ஊத்தினா எந்தப் பக்கம் ஓடுமோ, அந்தப் பக்கம்தானே எல்லாமே போகும்?"

ராக்னா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் மேட்டுக்கு இறங்கிப் போனாள். அங்கிருந்து ஊன்றுகோலை ஆட்டினாள்.

இல்வா பழத்தை அந்தக் குழிக்குப் பக்கத்தில் வைத்து விட்டாள். வெள்ளைப் பனியில் ஆரஞ்சு நிறம் பொட்டுபோலத் தெரிந்தது. முதலில் அது மெதுவாக உருண்டது. பிறகு வேகம் பிடித்தது. பிறகு துள்ளித் துள்ளிப் பறந்தது. ராக்னாவைத் தாண்டி மேட்டுக்கு அப்பால் மறைந்தது.

"இடது பக்கம்!" என்று கத்தினாள் ராக்னா. "இல்ல, இரு இரு... திரும்புது! வலது! வலதுதான்! பாறைப் பக்கமா ஓடுது! ஐயோ, என்ன வேகம்! நின்னுடுச்சு! பெரிய பாறைகிட்ட!"

அவள் குரல் பெர்கனுக்கே கேட்டிருக்கும்.

எல்லோரும் இறங்கினார்கள். பியார்த்தே குதிகாலைப் பனியில் குத்திக் குத்தி நடந்து வந்தார். பாறை வெயிலில் சூடாகி, தன்னைச் சுற்றியிருந்த பனியை உருக்கிப் பள்ளமாக்கியிருந்தது. இல்வா பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே ஆரஞ்சு உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், தலைகீழாக, ஒரு நீண்ட பலகை.

"இருக்கு! இருக்கு!"

பியார்த்தே பலகையைத் தூக்கிக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டார். "சரி போ, இந்தத் தடவை மன்னிச்சுட்டேன்" என்றார் அதனிடம். பிறகு இல்வா பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நான் பேச்சில்லாம நிக்கறது இதுதான் முதல் தடவை."

"நிஜமாத்தான் இருக்கும்" என்று ராக்னா முணுமுணுத்தாள்.

நால்வரும் சேர்ந்து மறுபடி ஏறத் தொடங்கினார்கள். விட்ட உயரத்தை மீண்டும் பிடிப்பதற்குள் வெயில் நன்றாக ஏறிவிட்டது. அப்பா அடிக்கடி ஊன்றுகோலைப் பனியில் குத்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கியது. அவர் நடையை வேகமாக்கினார். அதைப் பார்த்து இல்வாவுக்குப் பயம் வந்தது.

போதாக்குறைக்குக் கடல் பக்கமிருந்து ஒரு சாம்பல் மேகம் கிளம்பி வந்து சூரியனை மறைத்தது. குளிர்காற்று வீசியது. இல்வாவின் மூக்கின்மேல் ஒரு பனித்துகள் வந்து உட்கார்ந்தது.

"வந்துடுச்சு பாரு, மறுபடியும் சண்டைக்கு!" என்று அவள் மலையை முறைத்தாள்.

அப்பா நின்றார். அண்ணாந்து பார்த்தார். மேகம் உயரத்தில்தான் இருந்தது. எதிரே உச்சி தெளிவாகத் தெரிந்தது. ஊன்றுகோலைக் குத்தினார். இந்தத் தடவை அது டொக்கென்று நின்றது.

"இல்வா, மலை சண்டைக்கு வரலை" என்றார் அப்பா. "குடை பிடிக்குது! வெயில் மறைஞ்சதால பனி மறுபடி இறுகுது. நமக்கு இன்னும் நேரம் இருக்கு. நடங்க!"

கடைசிப் பகுதி சுவர்போலச் செங்குத்தாக இருந்தது. பலகையோடு ஏற முடியாது. எல்லோரும் பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டார்கள். காலணியின் முனையால் பனியை உதைத்து, படி செய்துதான் ஏற வேண்டும். இல்வா உதைத்துப் பார்த்தாள். பனியில் ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான். கால்விரல்தான் வலித்தது.

"தள்ளிக்கோ, தள்ளிக்கோ" என்று முன்னால் வந்தார் பியார்த்தே. "இது என் வேலை. ஊர்ல நான் வீடுகளுக்கு மாடிப்படி செய்யற தச்சன். ஆனா இவ்வளவு உயரமா ஒரு படிக்கட்டு செஞ்சதில்ல!"

டம்! டம்! அவருடைய பெரிய காலணி ஒவ்வொரு உதைக்கும் ஒரு அழகான படியைச் செதுக்கியது. ஒரு சிக்கல்தான். அவருடைய ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே இல்வாவின் இடுப்பு உயரம் இருந்தது.

"பியார்த்தே!" என்று கீழேயிருந்து கத்தினாள் இல்வா. "இது ராட்சசன் வீட்டு மாடிப்படியா?"

பியார்த்தே திரும்பிப் பார்த்தார். தவளைபோல ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்துக்கொண்டு தொங்கினாள் அவள். அவர் சிரித்த சிரிப்பில் மேலேயிருந்து கொஞ்சம் பனி உதிர்ந்தது. மறுபடி இறங்கி வந்து, ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஒரு சின்னப் படி செய்துகொண்டே ஏறினார்.

"பெரிய படி எனக்கு, சின்னப் படி உனக்கு. புகார் ஏதும் உண்டா?"

"கைப்பிடி இல்ல" என்றாள் இல்வா.

"கைப்பிடிக்குத் தனிக் கூலி!"

அப்பா கடைசியாக, இல்வாவுக்கு நேர் கீழே வந்தார். ராக்னா பியார்த்தேவுக்குப் பின்னால் போனாள். மேலே கற்களை அடுக்கிவைத்த குவியல் தெரிந்தது. அதுதான் உச்சி. பியார்த்தே அதற்கு முன்னால் நின்றுவிட்டார். ராக்னாவும் நின்றாள்.

"ஏன் நிக்கறீங்க?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் இல்வா.

ராக்னா ஒதுங்கி வழிவிட்டாள். "மூணு தடவை நான் தொட்டாச்சு. என்ன முழிக்கிற? போ, ராணி."

பாதியும் இல்லை, மலையும் இல்லை. வெறும் ராணி.

இல்வா போய் இரண்டு கைகளாலும் அந்தக் கற்குவியலைப் பிடித்துக்கொண்டாள். கல் ஐஸ்போலக் குளிர்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை. சரியாக அந்த நேரத்தில் மேகம் விலகி, கீழே எல்லாம் தெரிந்தது. மலைகளுக்கு நடுவே நுழைந்து நீண்டு கிடக்கும் கடல். அதில் எறும்புபோல ஊரும் படகு. பச்சைக் கரையில் தீப்பெட்டி தீப்பெட்டியாக வீடுகள். பார்த்த பக்கமெல்லாம் வெள்ளைத் தலைகளோடு இன்னும் எத்தனையோ மலைகள்.

"அப்பா, எல்லா மலையும் நம்மளையே பாக்குது" என்றாள்.

ஆரஞ்சை உரித்து நான்காகப் பங்கிட்டார்கள். உருண்டதில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. உள்ளே பாதி உறைந்து, பல் கூசியது. இவ்வளவு ருசியான ஆரஞ்சைத் தன் வாழ்நாளில் தின்றதில்லை என்று பியார்த்தே சத்தியம் செய்தார். நசுங்கிய துண்டு அவருக்குத்தான் வந்தது.

"போதும், கிளம்பலாம்" என்றார் அப்பா. "வெயில் வந்துடுச்சு. இப்ப இறங்கினாத்தான் பனி பதமா இருக்கும்."

கடைசியாக ஏறிய பகுதி குறுகல். ஆனால் மறுபக்கம் அகலமான சரிவு, பெரிய வெள்ளைக் கிண்ணம்போல விரிந்து கிடந்தது. அதுவும் சுற்றி வந்து அதே அடிவாரத்தில்தான் முடியும். ரோமப் பட்டைகளை உரித்துச் சுருட்டிப் பையில் போட்டார்கள். பலகைகளை மாட்டிக்கொண்டார்கள். பியார்த்தே வாரை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

இல்வா விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். ஊன்றுகோல்களை இறுக்கிப் பிடித்தாள். ஒரு மூச்சு இழுத்தாள். முழங்காலை மடக்கி, முன்னால் சாய்ந்தாள்.

ஷ்ஷ்ஷ்...

மேலாக ஒரு விரல் அளவுக்கு மட்டும் பனி இளகியிருந்தது. அடியில் கெட்டி. பலகை சர்க்கரைமேல் போவதுபோலப் போனது. இடதுபக்கம் சாய்ந்தாள், மலை இடதுபக்கம் திரும்பியது. வலதுபக்கம் சாய்ந்தாள், மலை வலதுபக்கம் திரும்பியது. சண்டைக்கார மலை இப்படிச் சொன்ன பேச்சு கேட்கும் என்று யார் நினைத்தார்கள்! காற்று காதில் விசிலடித்தது. அவள் சிரித்தாள். சிரித்த வாய்க்குள் காற்று புகுந்து கன்னம் படபடத்தது.

அவளுக்குப் பக்கத்தில் ராக்னா பறந்தாள். "இன்னும் வேகமா!" என்று கத்தினாள்.

பின்னாலிருந்து ஒரு பாட்டுச் சத்தம் வந்தது. பியார்த்தே முழுத் தொண்டையில் பாடிக்கொண்டு இறங்கினார். திடீரென்று பாட்டு நின்றது. தொடர்ந்து தொம்மென்று ஒரு சத்தம். பனிப்புகை ஒன்று எழுந்தது. எல்லோரும் பதறித் திரும்பினார்கள். புகைக்குள்ளிருந்து விட்ட இடத்திலேயே பாட்டு மறுபடி தொடங்கியது.

கிண்ணம் முடிந்து காடு வந்தது. மரங்களுக்கு நடுவே ஒரு ஓடையின்மேல் பனி இன்னும் ஒடுக்கமாக, நீளமாக, நாக்குபோலக் கிடந்தது. ஈரம்தான், ஆனால் பலகை தாங்கியது. ஒருவர் பின் ஒருவராக அதன்மேல் வளைந்து நெளிந்து வந்தார்கள். நாக்கு ஒல்லியாகிக்கொண்டே போய், ஒரு புல்வெளியில் சட்டென்று முடிந்தது. இல்வா புல்மேலேயே கொஞ்ச தூரம் சறுக்கி, மஞ்சள் பூக்களுக்கு நடுவே பொத்தென்று உட்கார்ந்தாள். ராக்னா வந்து அவள்மேல் விழுந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

புல்வெளியில் செம்மறி ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பிறந்து சில வாரமே ஆன ஒரு குட்டி தைரியமாக வந்து, இல்வாவின் பலகையை மோந்து பார்த்து, நக்கியும் பார்த்தது.

பியார்த்தே வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். கோட்டைக் கழற்றினார். கம்பளிச் சட்டையைக் கழற்றினார். தாடியில் ஒட்டியிருந்த பனியைப் பிழிந்தார்.

"காலையில வசந்தம்" என்றார். "மேல போனா குளிர்காலம், மூக்குமேல பனி விழுது. இப்ப என்னடான்னா கோடை மாதிரி கொதிக்குது. எனக்குத் தலை சுத்துது. இது என்ன மாசம்னு யாராவது கொஞ்சம் சொல்லுங்களேன்!"

ஆட்டுக்குட்டி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

"மே...!" என்றது.